இசக்கியம்மாள் முடைந்த ஐந்நூறு ஜோடி

இசக்கியம்மாள் எதை முடையத் தொடங்கினாலும் முதலில் அதைத் தன் உடம்பில் வைத்துப் பார்ப்பாள். விசிறி என்றால், நனைந்த ஓலையை முகத்துக்கு நேரே பிடித்து நெற்றியிலிருந்து தாடைவரை அளந்து, பெருவிரல் நகத்தால் ஒரு கீறல். மூடிபோட்ட பெட்டி என்றால், கையை மடக்கி முட்டியிலிருந்து மணிக்கட்டுவரை. சின்னச் சம்புடம் என்றால், விரல்களைக் குவித்து, அந்தக் குவியலுக்குள் என்ன அடங்குமோ அது. கீறல் போட்டபின் ஓலையை உதட்டில் வைத்து ஒருதரம் இழுப்பாள். கீச்சென்று சத்தம் வந்தால் ஓலையில் இன்னும் காய்ச்சல் இருக்கிறது என்று மறுபடி தண்ணீர் வாளிக்குள் போகும். சத்தம் வராவிட்டால்தான் கத்தியை எடுப்பாள்.

அவளிடம் அடிக்கோல் கிடையாது. தாராவியில் மளிகைக் கடை வைத்திருந்த அய்யாத்துரை அண்ணாச்சி ஒரு தடவை, "ஏ இசக்கி, பெட்டி சரியா பதினாலு இஞ்ச் இருக்கணும்" என்று சொல்லப்போக, அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கடைக்குக் கடை உங்க கோல் வேற வேற நீளத்துக்குக் கெடக்கு. என் கை நான் சாகுத வரைக்கும் இதே நீளந்தான். எது அளவு, நீங்களே சொல்லுங்க" என்றாள். அண்ணாச்சி அதன்பின் இஞ்ச் பேச்சை எடுக்கவில்லை.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து கல்யாணமான கையோடு வந்தவள். புருஷன் சிவனாண்டி தோல் பட்டறையில் வேலை பார்த்தான். வீட்டுக்கு வந்தால் குளிப்பான், தூங்குவான். பேச்சு முழுவதையும் அவளிடமே விட்டுவிட்டிருந்தான். அவளும் அதை வீணாக்கவில்லை. விரார் ரயிலில் லக்கேஜ் பெட்டியில் வந்து இறங்கும் பனங்குருத்தை மாஹிமில் போய்த் தலையில் சுமந்து வந்து, காயவைத்து, கீறி, முடைந்து, பெட்டியும் விசிறியுமாகக் கடைகளுக்குக் கொடுத்து வந்தாள்.

அவளுடையது வடித்த காது. பிறந்த சில நாளில் குத்தி, பஞ்சும் தக்கையும் ஓலைச் சுருளுமாகச் செருகிச் செருகி, தோளைத் தொடாத குறையாக இறக்கிவிட்ட காது. அதில் தொங்கிய தங்கப் பாம்படம், பம்பாய்க்கு வந்த மூன்றாம் வருஷம் ஒரு கோலியாக, அதாவது ஒற்றை அறை வீடாக, மாறிவிட்டது. மழை பெய்தால் ஒழுகுகிற பாம்படம் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். அதற்கப்புறம் காது சும்மா கிடந்தது. அடுத்த வீட்டு ஆறுமுகத்தாய், பம்பாய்க்காரி ஆகவேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதை அறுத்துத் தைத்துக்கொண்டு வந்தாள். "நீயும் தச்சிக்க மதினி. பஸ்ல ஏறுனா சனம் சிரிக்கு" என்பாள். இசக்கியம்மாளுக்குச் சிரிப்பவர்களைப் பற்றிக் கவலையில்லை. "சிரிக்கவன் டிக்கெட் எடுத்துட்டா சிரிக்கான்?" என்பாள்.

சீனாக்காரன் சண்டை முடிந்து, தங்கத்துக்குக் கட்டுப்பாடு வந்த வருஷம் அது. பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றார்கள். மாட்டுங்காவில் தங்கத்தைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. கிங்ஸ் சர்க்கிள் ஹோட்டல்களில் ஒரு காப்பிக்கு நாலு பேர் உட்கார்ந்து காரட் கணக்குப் போட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் மாதர் மன்றத் தலைவி கோமதியம்மாளுக்குத் தேசபக்தி வந்தது.

ஏற்கெனவே இல்லாமல் இல்லை; அது வரை வெள்ளிக்கிழமை பஜனைக்கும் வத்தல் போட்டிக்கும் நடுவில் அதற்கு இடம் கிடைக்காமல் இருந்தது. இப்போது மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று, தேசம் கேட்கும்போது பொன் எதற்கு, புன்னகை போதாதா என்று பேசி, நாற்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தன் வைரத்தோட்டைக் கழற்றி ஒரு வெல்வெட் பெட்டிக்குள் வைத்தாள். பலமான கைதட்டல். பெட்டி பிறகு எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அப்படியெல்லாம் கேட்பது மரியாதையில்லை. 'பொன் துறப்போம், ஓலை புனைவோம்' என்று தீர்மானம் நிறைவேறியது. ஏழைப் பெண்களுக்கு வேலை, தேசத்துக்குத் தங்கம், மன்றத்துக்கு ஒரு கண்காட்சி; மூன்றும் ஒரே ஓலையில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோமதியம்மாள் தன் கணவர் வானமாமலையோடு தாராவிக்கு வந்தாள். கோட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஹெட்கிளார்க் அவர். மன்றத்துக்குப் பொருளாளர் என்று பெயர். வேலை பை தூக்குவது. டாக்சிக்காரன் மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டான். தோல் பட்டறைக் காற்று வீசியதும் கோமதியம்மாள் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனாள். பிறகு, வந்திருக்கும் நோக்கம் நினைவுக்கு வந்து, அதைக்கொண்டு நெற்றியைத் துடைத்தாள்.

"நீதானேம்மா இசக்கி? உன் கைவேலையைப் பத்தி ரொம்பக் கேள்விப்பட்டிருக்கேன். எங்களுக்கு ஓலையிலே காதணி வேணும். காதோலை."

இசக்கியம்மாள் கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தாள். "காதோலையா? ஆருக்கும்மா?"

"எங்களுக்குத்தான். நாங்கள்லாம் தங்கத்தை விட்டுட்டோம்."

"விட்டாச்சா!" என்றாள் இசக்கியம்மாள். அவள் ஊரில் காதில் ஓலை போடுகிறவள், தங்கம் அடகுக்குப் போனவள்தான். துளை தூர்ந்துவிடக் கூடாது என்று மீட்கிற வரைக்கும் ஒரு சுருள். அவள் வானமாமலையைப் பார்த்தாள். அவருடைய காலர் நைந்திருந்தது. பாவம், பெரிய இடத்திலும் கஷ்டம் வரத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். "கவலப்படாதிய. எல்லாம் சரியாப் போவும்" என்றாள் அவரிடம். அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

கோமதியம்மாள் தொடர்ந்தாள்: "ஆனா ஒண்ணு. கடையிலே விக்கிற பிளாஸ்டிக் நகை மாதிரி இருக்கப்படாது. அசலா இருக்கணும். அந்தக் காலத்துலே எப்படிப் போட்டாங்களோ அப்படியே. ஐந்நூறு ஜோடி. மூணு வாரத்துலே எக்ஸிபிஷன்."

"அப்படியேவா?"

"அப்படியே. ஒரு நூல் மாத்தப்படாது."

அளவு எவ்வளவு என்று இசக்கியம்மாள் கேட்கவில்லை; கேட்கிற பழக்கம் இல்லை. அளவு எவ்வளவு என்று கோமதியம்மாள் சொல்லவில்லை. காதுக்கு ஓர் அளவு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அவர்கள் போனதும் இசக்கியம்மாள் ஒரு கீற்றை எடுத்தாள். சுருட்டினாள். தன் காதுத் துளைக்குள் வைத்து, பெருவிரலை உள்ளே விட்டுச் சுழற்றிப் பார்த்தாள். நகத்தால் ஒரு கீறல். அளவு முடிந்தது.

தனியாக ஐந்நூறு ஜோடி ஆகாது. அதே சந்தில் ஆறு பெண்கள் தினமும் மசாலா குடோனுக்கு மிளகாய்க் காம்பு கிள்ளப் போய்க்கொண்டிருந்தார்கள். எரிகிற கையும் தும்முகிற மூக்குமாக வருவார்கள். ஆனாலும் நிச்சயமான வேலை. ஒரு நாள் வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். இசக்கியம்மாள் அவர்களைக் கூப்பிட்டு, மூன்று வாரம் தன்னோடு உட்காரச் சொன்னாள். ஐந்து பேர் ஆறுமுகத்தாயைப் பார்த்தார்கள். ஆறு பேரில் ஒருத்தி அவள். ஆனால் மற்ற ஐந்து பேருக்கும் சேர்த்துச் சந்தேகப்படுகிற பொறுப்பு அவளுடையது.

"மதினி, குடோனை விட்டா விட்டதுதான். பொறவு நாளைக்கு இந்த மாட்டுங்காக்காரி வேண்டாம்னுட்டா?"

"சொல்ல மாட்டாவ."

"சொன்னா?"

"சொன்னா என் காதை அறுத்து உன் கையில தாரேன். வச்சி வெளையாடு."

ஆறுமுகத்தாய் கொஞ்சம் யோசித்தாள். "ஏற்கெனவே தொங்கிக்கிட்டுதான் கெடக்கு. அறுக்கது லேசு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபின் மாட்டேன் என்று சொல்வது கஷ்டம். மறுநாள் குடோனுக்கு யாரும் போகவில்லை.

மூன்று வாரம் அந்தச் சந்து ஓலையாகக் கிடந்தது. வெள்ளை ஓலையைச் சுருளாக இறுக்கி, மேலே சிவப்புச் சாயக் கீற்றைக் கோணல் கோணலாகப் பின்னி, உள்விளிம்பைக் காது அறுக்காதபடி மடித்துக் குத்தவேண்டும். ஒவ்வொன்றும் ஒரு பெருவிரல் உள்ளே புகுந்து வெளியே வருகிற அகலம். இரண்டாவது நாளே ஆறுமுகத்தாய் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏ மதினி. மாட்டுங்காக்காரிய காதுல ஊசி போவவே வழியில்லியே. இதை எங்கன மாட்டுவாவ?"

இசக்கியம்மாள் பல்லில் கடித்திருந்த ஈர்க்கை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "வடிச்சிக்கிடுவாவ."

"இந்த வயசுலயா?"

"ஏட்டி, தங்கத்தையே விட்டவ, ஒரு காதை வடிக்க மாட்டாளா? நமக்கு என்ன, அசலாக் கேட்டாவ, அசலாக் குடுப்போம்."

இந்தப் பதிலில் எந்தக் குறையும் யாருக்கும் தெரியவில்லை. மாட்டுங்காவில் நாற்பது பெண்கள் காதில் தக்கை செருகிக்கொண்டு பாலுக்குக் காத்திருக்கிற காட்சி அவர்களை இரண்டு நாள் சிரிக்கவைத்தது. வேலை வேகமாக நடந்தது.

கண்காட்சிக்கு நாலு நாள் முன்னால், இரண்டு கோணிப்பைகளோடு இசக்கியம்மாள் கோமதியம்மாள் வீட்டு மூன்றாவது மாடிக்கு ஏறினாள். சாப்பாட்டு மேசைமேல் பையைக் கவிழ்த்தாள். ஆயிரம் சுருள்கள் உருண்டன. நாலைந்து தரையில் விழுந்து ஓடின.

கோமதியம்மாள் ஒன்றை எடுத்தாள். காதருகே கொண்டுபோனாள். எடுத்தாள். இந்தப் பக்கமாகப் பார்த்தாள், அந்தப் பக்கமாகப் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"காதோலை."

"இது எந்தக் காதுக்கு?"

"நீங்க கேட்ட அசல் காதுக்கு" என்று இசக்கியம்மாள் தன் காதைக் காட்டினாள். "நீங்க இன்னும் வடிக்க ஆரம்பிக்கலியா? தக்கை நான் தாரேன். ஆறு மாசத்துல எறங்கிரும்."

கோமதியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுடைய காதின் துளை, தேடிப் பார்த்தால் தெரிகிற துளை. "நான்சென்ஸ்! யாராவது காதைக் கிழிச்சுப்பாளா? எல்லாத்தையும் எடுத்துண்டு போ. சின்னதாப் பண்ணிக் கொண்டா. நாலு நாள் இருக்கு."

"நாலு நாள்ல ஆவாதும்மா. அத்தனைக்கு ஓலையும் இல்ல."

"அப்ப எனக்கு இது வேண்டாம்."

இசக்கியம்மாள் இந்த வார்த்தையைத்தான் ஆறுமுகத்தாய் வாயிலிருந்து கேட்டிருந்தாள். குடோனில் ஆறு இடத்திலும் வேறு ஆறு பேர் உட்கார்ந்தாயிற்று, காலையில்தான் தெரிந்தது. இந்தப் பையோடு சந்துக்குள் திரும்பி நுழைய வேண்டும். ஆறு பேரும் வாசலில்தான் இருப்பார்கள். காதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. தன் சொல்லை நம்பி எழுந்து வந்தவர்களின் முகத்தைப் பார்க்கவேண்டுமே என்பதுதான்.

"அப்படியே வேணும்னு நீங்கதான் சொன்னிய. ஒரு நூல் மாத்தப்படாதுன்னிய."

"அசல்னா அசலாவா?" என்றாள் கோமதியம்மாள்.

இசக்கியம்மாள் காலியான கோணிப்பையை உதறி மடித்தாள்.

வானமாமலை இத்தனை நேரமும் தரையில் விழுந்த சுருள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சண்டை நடக்கும் வீட்டில் கைக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொள்வது அவர் வழக்கம். ஒரு சுருளை எடுத்து, தன் கைக்குட்டையை உருட்டி அதற்குள் நுழைத்து இழுத்தார். மேசைமேல் வைத்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

"கோமதி," என்றார் மெதுவாக. "எங்க கம்பெனி ஆண்டு விருந்திலே மேசையிலே இப்படித்தான் வைப்பான். வெள்ளியிலே இருக்கும். நேப்கின் ரிங்."

கோமதியம்மாள் கைக்குட்டையைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாகக் கணவரைக் கவனித்துப் பார்த்தாள்.

"அது என்னது?" என்றாள் இசக்கியம்மாள்.

"சாப்பிட்டா வாயும் கையும் துடைச்சுக்கற துணி இருக்கோல்லியோ, அதுக்குப் போடற வளையம்," என்றார் வானமாமலை.

"துணிக்கா? தொடைக்கிற துணிக்குக் காது குத்தியிருக்காவளா?"

"இசக்கி, இதோ பாரு," கோமதியம்மாள் எழுந்துவிட்டாள். குரலில் தலைவி திரும்பி வந்திருந்தாள். "எக்ஸிபிஷனுக்கு நீ வந்து உட்கார்ந்து முடையணும். இது சாப்பாட்டு மேசைக்கு. காலங்காலமா உங்க ஊர்ப் பொம்பளைகள் பண்றது. காதுங்கற பேச்சே வரப்படாது. வித்துட்டா உங்க ஏழு பேருக்கும் பேசின கூலி. விக்கலேன்னா பையைத் தூக்கிண்டு போகவேண்டியதுதான். வாயைத் திறக்காம இருப்பியா?"

"இருக்கேன்" என்றாள் இசக்கியம்மாள். ஐந்நூறு ஜோடி முடைந்ததைவிட அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவள் அதிகம் கஷ்டப்பட்டாள்.

கண்காட்சி கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் ஒரு ஹாலில். வாசலில் மாக்கோலம். உள்ளே நாற்பது பெண்களும் தங்கம் இல்லாமல் வந்திருந்தார்கள், அதாவது காதிலும் கழுத்திலும் மட்டும். தாலிக்கும் வளையலுக்கும் மூக்குத்திக்கும் தீர்மானத்தில் விலக்கு இருந்தது. காதணி வராத காரணத்தால் காது மூளியாக இருக்கக்கூடாது என்று சிலர் முத்து போட்டிருந்தார்கள். முத்து தங்கம் இல்லையே. நடு மேசையில் ஆயிரம் சுருள்கள், ஆறாறாகக் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு. சீட்டில் 'நேப்கின் ரிங்' என்று கோமதியம்மாள் கைப்பட ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

இசக்கியம்மாள் ஒரு ஜமுக்காளத்தில் உட்கார்ந்து முடைந்தாள். ஆறு பேரையும் உள்ளே விடவில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, கம்பிக்கு ஒரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிவரை ஒன்றும் விற்கவில்லை. மாட்டுங்காப் பெண்கள் எடுத்துப் பார்த்தார்கள், விரலில் போட்டுப் பார்த்தார்கள், ஜாடிமேல் வைத்துப் பார்த்தார்கள், வைத்துவிட்டார்கள்.

பிறகு சிறப்பு விருந்தினர் வந்தாள். ஏதோ ஒரு தூதரகத்து அதிகாரியின் மனைவி. உயரம், சிவந்த முகம், பெரிய கைப்பை. கோமதியம்மாள் அவளை மேசை மேசையாக அழைத்து வந்து ஜமுக்காளத்துக்கு முன்னால் நிறுத்தினாள். அந்த அம்மாள் குனிந்து ஏதோ கேட்டாள்.

"உங்க வீட்டுலே இதை எப்படி உபயோகிப்பேள்னு கேக்கறா," என்றாள் கோமதியம்மாள். கண்ணால் வேறொன்று சொன்னாள்.

இசக்கியம்மாள் வாயைத் திறக்காமல் இருந்து பார்த்தாள். முடியவில்லை. "எங்க வீட்டுல சாப்பிட்டா கைய கழுவிருவோம் தாயி. இது கழுவாதவியளுக்கு."

கோமதியம்மாள் அதை ஆங்கிலத்தில் ஒரு பத்தி அளவுக்குச் சொன்னாள். அதில் பண்பாடு என்கிற சொல் மூன்று தடவை வந்தது. விருந்தினர் பணிவாகத் தலையாட்டினாள். ஆனால் அவள் பார்வை சுருளில் இல்லை. இசக்கியம்மாளின் காதில் இருந்தது. காதைப் பார்த்தாள். கையிலிருந்த சுருளைப் பார்த்தாள். மறுபடி காதைப் பார்த்தாள். நாற்பது பேருக்குத் தோன்றாத கணக்கை வெள்ளைக்காரி நின்ற இடத்தில் போட்டுவிட்டாள். சுருளை மெல்ல நீட்டி, புருவத்தை உயர்த்தினாள்.

கோமதியம்மாள் முகத்தில் ரத்தமே இல்லை. போட்டால் பொய் உடையும். ஆயிரம் சுருளும் கோணிப்பைக்குள் போகும். இசக்கியம்மாள் கதவைப் பார்த்தாள். கம்பிக்குப் பின்னால் ஆறுமுகத்தாய் வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினாள். குடோன், ஆறு இடம், கூலி எல்லாம் அந்தக் கையில் ஆடிற்று.

இசக்கியம்மாளுக்கும் தெரிந்தது. வேண்டாம் என்றுதான் தலையாட்டப் போனாள். ஆனால் அந்த வெள்ளைக்காரி சிரிக்கவில்லை. பஸ்ஸில் பார்க்கிறவர்கள் போலப் பார்க்கவில்லை. செருப்பு வாங்கப் போனவள் காலைப் பார்ப்பதுபோல் காதைப் பார்த்தாள். அவ்வளவுதான். இசக்கியம்மாள் சுருளை வாங்கினாள், காதில் மாட்டினாள். மற்றொன்றை எடுத்து மற்றக் காதில். அளவெடுத்துச் செய்தது மாதிரி என்று சொல்லக் கூடாது, அளவெடுத்துத்தான் செய்தது. வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பக்கமும் ஆட, அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஜமுக்காள ஓரத்தில் வானமாமலை குனிந்து, விழாத சுருளைத் தேடினார்.

விருந்தினர் கைதட்டினாள். அதைப் பார்த்து நாற்பது பேரும் தட்டினார்கள். "இவ கொஞ்சம் வேடிக்கைக்காரி" என்று கோமதியம்மாள் ஆங்கிலத்தில் அவசரமாகச் சொன்னது அந்தச் சத்தத்தில் முழுவதும் கேட்கவில்லை. விருந்தினர் நாலு கட்டு வாங்கினாள். வெள்ளைக்காரி வாங்கிய பொருளை வாங்காமல் வீட்டுக்குப் போக மாட்டுங்காவுக்கு மனம் வருமா? மேசையைச் சுற்றிக் கூட்டம். துடைக்கிற துணி இல்லாதவர்கள் வாங்கினார்கள். சாப்பாட்டு மேசையே இல்லாதவர்களும் அரை டஜன் வாங்கினார்கள். மூன்று மணிக்கு மேசை துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

கூலி சாயங்காலமே கைக்கு வந்தது. கதவுக்கு வெளியே ஆறுமுகத்தாய் இசக்கியம்மாளின் காதை ஒரு விரலால் தட்டி ஆடவிட்டாள். "தப்பிச்சிட்டு மதினி, உன் காது. நான் கத்தி தீட்டி வச்சிருந்தேன்."

"மிளகாய் நறுக்க வச்சிக்க" என்றாள் இசக்கியம்மாள். அன்று பஸ்ஸில் தாராவிவரை அவள் அந்த ஓலையோடுதான் போனாள். யாரோ சிரித்தார்கள். ஏழு பேரும் சேர்ந்து திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அதன்பின் மசாலா குடோனுக்கு ஆறு பேரில் யாரும் போகவில்லை. அய்யாத்துரை அண்ணாச்சிக்குப் பெட்டியும் விசிறியும் முடைகிற கைகள் ஏழாயின. மாட்டுங்காவிலிருந்து பிறகு யாரும் சந்துக்குள் வரவில்லை.

மாதர் மன்றத்தின் அந்த வருஷத்து அறிக்கை நெடுநாள் கழித்துத்தான், ஒரு பழைய பேப்பர் கடைக் கட்டில், பார்க்கக் கிடைத்தது. பதினோராம் பக்கத்தில் இப்படி அச்சாகியிருந்தது: "கண்காட்சியில் ஒரு தொழிலாளி விளையாட்டாக மேசை வளையத்தைத் தம் காதில் மாட்டிக்கொண்டார். அதைக் கண்ட நம் தலைவியாருக்கு, ஓலையில் காதணியும் செய்யலாமே என்ற புதிய எண்ணம் உதித்தது."